கல் வைத்த பிரேக்

சிறுமுடி என்று ஒரு மலையூர், போடிக்கு மேலே பதினெட்டு வளைவு ஏறினால் வரும், ஏறாவிட்டாலும் யாருக்கும் ஒன்றும் குறைந்துபோகாது. அந்த ஊருக்கு ஒரே ஒரு ஜீப், ஐம்பத்தெட்டாம் வருடத்து வண்டி; அந்த ஜீப்புக்கு ஒரே ஒரு டிரைவர், மொக்கராசு; அந்த மொக்கராசுக்கு ஒரே ஒரு பெண்டாட்டி, பவுனுத்தாய்; இவ்வளவு பேருக்கும் சேர்த்து ஊரில் மூளையும் ஒன்றே ஒன்றுதான், அது பவுனுத்தாயிடம் இருந்தது. நான் சந்தியாகு, போடியில் பட்டறை வைத்திருக்கிற மெக்கானிக். அந்த ஜீப்புக்கு முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக்கும் ஐந்து கியர் பெட்டியும் மாட்டிக் கொடுத்த பாவி நான்தான்.

அதற்கு முன்னால் அந்த வண்டி எப்படி ஓடிக்கொண்டிருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். மொத்தம் மூன்று கியர், அதில் இரண்டாவது போட்ட இடத்தில் நிற்காமல் வெளியே குதித்துவிடும் என்பதால், பக்கத்தில் உட்காருகிறவர் கியர் கம்பியைத் தொடையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே வரவேண்டும். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், ஓடையைத் தாண்டியதும் உள்ளே தண்ணீர் புகுந்துகொள்ளும், மிதித்தால் பிடிக்காது, பிடித்தால் ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டியைப் பள்ளத்துப் பக்கம் இழுக்கும். ஆகவே வளைவு வந்தால் உள்ளே இருக்கும் பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் வலது காலால் கீழே தகரத்தை மிதிப்பார்கள், கைக்குழந்தைக்காரி முதல் பூசாரி வரை, என்னவோ அவர்கள் மிதித்துத்தான் வண்டி நிற்கிறது என்கிற நினைப்பில். பிறகு ஒச்சுக்காளை குதிப்பார். கருங்கல் ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு வண்டிக்குப் பின்னால் தொங்கி வருவதும், வளைவில் குதித்து அந்தக் கல்லைச் சக்கரத்துக்கு அண்டை கொடுப்பதும் அவர் வேலை, அவர் அப்பாவுக்கும் அதுதான் வேலை. இந்த மகத்தான காரியத்துக்காக, திருவிழாவில் பிரசிடெண்டுக்குப் பரிவட்டம் கட்டிய கையோடு ஒச்சுக்காளைக்கும் கட்டுவார்கள். பிரேக் பிடிக்காத வண்டிக்காக ஒரு ஊரே மரியாதை செய்துகொண்டிருந்தது, அதில் ஒருவருக்கும் வெட்கமாக இருந்ததில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் பவுனுத்தாயின் தலைப்பிரசவத்துக்கு அவளை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது, பதினோராவது வளைவில் பிரேக் பிடிக்காமல் வண்டி மண்மேட்டில் ஏறி நின்றது. ஒச்சுக்காளையின் கை வழுக்கிக் கல் பள்ளத்தில் உருண்டுவிட்டது. கல்லில்லாமல் வண்டியை எடுக்கக்கூடாது என்று இறங்கித் தேடினார்கள், முக்கால் மணி நேரம் தேடினார்கள், அதற்குள் குழந்தை அங்கேயே பிறந்து அழாமலே போய்விட்டது. ஊர் கூடிப் பேசி, கல்லுக்குப் பூசை குறைந்துபோனதுதான் காரணம் என்று கண்டுபிடித்து, கல்லுக்குச் சிமெண்டில் ஒரு பீடம் கட்டினார்கள். இதைக் கேட்டபோது எனக்கு வந்த கெட்ட வார்த்தையை இங்கே எழுத முடியாது.

மறுபடி ஐந்து மாதமாக இருந்தபோது பவுனுத்தாய் புருஷனையும் வண்டியையும் ஒன்றாக இழுத்துக்கொண்டு என் பட்டறைக்கு வந்தாள்.

"டிஸ்க்குப் போட்டா எப்படிண்ணே நிக்கும்?" என்று மொக்கராசு கேட்டான்.

"சொன்ன எடத்துல நிக்கும்."

"அஞ்சு கியருன்னா எப்படிண்ணே போகும்?" என்று பவுனுத்தாய் கேட்டாள். "அஞ்சாவத எங்க போடணும்?"

"சமதளத்துல தாயி. உங்க ஊர்ல அதுக்கு எடமே கெடையாது."

"எறங்குனதுக்கப்புறம் இருக்குல்ல," என்றாள்.

பதினேழு நாள் வேலை. புதுக் கியர் பெட்டி பழையதைவிட ஒரு சாண் நீளம் என்பதால், அதைத் தாங்கும் இரும்புக் கட்டையைப் பின்னுக்குத் தள்ளி, பின்சக்கரத்தைச் சுழற்றும் ஜாயின்ட் ராடை லேத்தில் கொடுத்துக் குறைத்து, முன்பக்கத்து ராடை நீட்டி, முன்சக்கரத்து டிரம்மைக் கழற்றிக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு, சேலத்தில் பிரித்த ஏதோ ஒரு வண்டியிலிருந்து வந்த டிஸ்க்குகளை மாட்டினேன். எந்த வண்டி, யார் ஓட்டியது, எங்கே போய் முட்டியது என்றெல்லாம் நான் விசாரிக்கவில்லை, விசாரித்திருந்தாலும் பின்னால் நடந்ததற்கு அதில் விளக்கம் கிடைத்திருக்காது. கடைசியில் பிரேக் குழாயில் காற்று எடுக்கும்போது நான் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டேன், பவுனுத்தாய் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். மிதி என்றால் மிதித்தாள், விடு என்றால் விட்டாள். "பிடிக்கிறதுக்குத்தான பிரேக்கு, எதுக்குண்ணே விடச் சொல்றீங்க?" என்று கேட்டாள். "விட்டாத்தான் தாயி அடுத்த மிதி பிடிக்கும்" என்று கீழேயிருந்து சொன்னேன். புருஷன் அப்போது டீக்கடையில் இருந்தான்.

வண்டி மலை ஏறிய அன்றைக்கே அது நடந்தது. பதினோராவது வளைவில் ஒரு சேவல் குறுக்கே பறந்தது, மொக்கராசு பிரேக்கை மிதித்தான், வண்டி நின்றது, சேவலும் நின்றது. அந்தரத்தில், ஒரு ஆள் உயரத்தில், இறக்கை விரித்தபடி, வாய் திறந்தபடி, பாதிக் கூவலில் நின்றது. பதினான்கு பேரும் இறங்கிப் பக்கவாட்டில் நின்று பார்த்தார்கள். ஒச்சுக்காளை, "கோழி யாருது…" என்று கேட்டுக்கொண்டே வண்டிக்கு முன்னால் போனவர் அவரும் ஒரு காலைத் தூக்கியபடி நின்றுவிட்டார். மொக்கராசு பயந்துபோய்க் காலை எடுத்ததும் சேவல் மீதியைக் கூவிவிட்டுப் பறந்தது, ஒச்சுக்காளை "…ப்பா இது?" என்று முடித்துவிட்டு அடுத்த அடி வைத்தார்.

வேறு ஊராக இருந்தால் அலறியடித்து ஓடியிருப்பார்கள், அல்லது காரணம் என்னவென்று தலையை உடைத்துக்கொண்டிருப்பார்கள். சிறுமுடிக்காரர்கள் கேட்ட முதல் கேள்வி, "இது காட்டுப்பன்னிக்கும் நிக்குமா?" என்பது. நிற்கும் என்று அந்த வாரமே தெரிந்தது. பிரேக் மிதிபட்டிருக்கும் வரைக்கும் அந்த ஜீப்புக்கு முன்னால் எது வந்தாலும் நிற்கும், விட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும், அவ்வளவுதான் சங்கதி, அதை அவர்கள் புதுக் குடிநீர்க் குழாய் வந்ததைப்போல எடுத்துக்கொண்டார்கள். அதன்பிறகு மொக்கராசுக்குச் சவாரி குறைந்தது, நிறுத்துகிற வேலை பெருகியது. பொங்கி வழியப்போகும் பாலை நிறுத்தக் கூப்பிட்டார்கள், அடுப்பை அணைக்கச் சோம்பல். மாமியார் வாயைத் திறக்கிற நேரம் பார்த்து நிறுத்தக் கூப்பிட்டார்கள். பரீட்சைத்தாளோடு மலையேறி வந்த வாத்தியாரை, 'இப்படி முன்னால வாங்க சார், வண்டி எவ்வளவு அழகா இருக்கு பாருங்க' என்று அழைத்து நிறுத்தி, சாயங்காலம் வரை அப்படியே வைத்திருந்து, நேரமாகிவிட்டது என்று அனுப்பி வைத்தார்கள். உள்ளே தள்ளுகிறவனும் சேர்ந்து நின்றுவிடக்கூடாது என்பதற்காகப் பலாப்பழம் பறிக்கிற துரட்டியால் பக்கவாட்டிலிருந்து தள்ளுகிற முறையையும் கண்டுபிடித்தார்கள். எதையாவது சீக்கிரம் நடக்கவைக்க முடியுமா என்று அந்த ஊரில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. ஐந்து கியர்களில் மூன்றாவதற்கு மேல் துருப்பிடிக்கத் தொடங்கியது.

பிறகு அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டிவிட்டால் எட்டு நாளைக்கு ஊர் எல்லையைத் தாண்டி யாரும் போகக்கூடாது, ஊருக்குள் சாவோ பிறப்போ நடந்தால் பங்காளிகள் அத்தனை பேருக்கும் தீட்டு, தீட்டுக்காரனுக்குப் பரிவட்டம் கிடையாது. காப்புக் கட்டிய மூன்றாம் நாள் பிரசிடெண்டு குருநாதனின் அப்பாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. தொண்ணூற்றிரண்டு வயது மனிதர், போகிற நேரத்தில் போகிறார், மகன் பக்கத்தில் உட்கார்ந்து வாயில் நாலு சொட்டுப் பால் ஊற்றியிருக்க வேண்டும். குருநாதன் அவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு சாவடிக்கு வந்தார். சாவடிச் சுவரை ஒட்டிப் பின்பக்கம் வைத்து ஜீப் நின்றிருந்தது. கட்டிலைத் துரட்டிகளால் முன்னால் தள்ளினார்கள், பெரியவரின் கடைசி மூச்சு உள்ளே போய் வெளியே வராமல் நெஞ்சில் நின்றது.

ஐந்து நாளைக்கு மொக்கராசு காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டிருக்க முடியுமா என்று கேள்வி வந்தபோது, ஒச்சுக்காளைக்குக் கண் கலங்கிவிட்டது. டிஸ்க் பிரேக் வந்த நாளிலிருந்து வேலையில்லாமல், பரிவட்டம் போய்விடுமோ என்று தூங்காமல் கிடந்த மனிதர். ஓடிப்போய்ப் பீடத்திலிருந்து கல்லைக் கழுவி எடுத்து வந்து, சந்தனம் வைத்து, பிரேக் பெடலின் மேல் வைத்தார். கல் கனமாக, கச்சிதமாக உட்கார்ந்தது. ஊர் குலவையிட்டது. வண்டி ஓடும்போது நிறுத்துவதற்காக இருந்த கல், நிற்கிற வண்டியை நகரவிடாமல் செய்வதற்காக ஏறி உட்கார்ந்ததைப் பார்த்து அவ்வளவு சந்தோஷம்.

அன்றைக்குச் சாயங்காலம் பவுனுத்தாய் புருஷனிடம் தெளிவாகச் சொல்லியிருக்கிறாள். "இடுப்பு ஒரு மாதிரி இருக்குய்யா. எந்நேரம்னாலும் கெளம்புற மாதிரி இருக்கும். அந்தக் கல்ல எடுத்துரு."

"ராத்திரிக்குள்ள எடுத்துர்றேன்," என்று மொக்கராசு சொல்லியிருக்கிறான்.

எடுக்கவில்லை. சொல்லப் போனான், ஆனால் பிரசிடெண்டு தோளில் கை போட்டு, "நீயும் நமக்குப் பங்காளிதானடா, அஞ்சு நாளு பொறுக்கமாட்டியா" என்றதும் தலையாட்டிவிட்டுத் திரும்பி வந்தான். வந்தவன் பெண்டாட்டியிடம் எடுக்கவில்லை என்று சொல்லவும் இல்லை.

விடியற்காலையில் அவளுக்கு வலி வந்தது. புருஷன் பக்கத்தில் இல்லை, சாவடியில் சீட்டு விளையாடப் போய் அங்கேயே படுத்திருந்தான். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் தனியாகச் சாவடிக்கு நடந்தாள். வண்டிக்குப் பின்னால் சுவர், அவள் வந்த பக்கத்திலிருந்து டிரைவர் பக்கம் போகவேண்டுமானால் முன்னால் சுற்றித்தான் போகவேண்டும், இருட்டில் கட்டில் தெரியவில்லை, கல்லை எடுத்துவிட்டான் என்று நம்பித்தான் சுற்றினாள். பெரியவரின் கட்டிலுக்குப் பக்கத்தில், வாய் திறந்து, கை நீட்டி, அப்படியே நின்றுவிட்டாள்.

விடிந்ததும் ஊர் கூடியது. பார்த்தார்கள், யோசித்தார்கள், மகிழ்ந்தார்கள்.

"அவளே வந்து நின்னுக்கிட்டா பாரு, புத்திசாலிப் பொண்ணு," என்றார் ஒச்சுக்காளை.

"சாவுத் தீட்டும் இல்ல, பொறப்புத் தீட்டும் இல்ல. அம்மனே செஞ்ச ஏற்பாடு," என்றார் பிரசிடெண்டு. "பிள்ள எங்கயும் போயிராது மொக்கராசு. திருவிழா முடியட்டும்."

இரண்டு நாள் அவள் நின்றாள். வெயிலில் நின்றாள், பனியில் நின்றாள். பெண்கள் வந்து நெற்றியில் குங்குமம் வைக்கப் பார்த்தார்கள், கை உள்ளே போனால் கையும் நின்றுவிடும் என்பதால் துரட்டி நுனியில் குங்குமத்தைத் தொட்டு வைத்தார்கள். மொக்கராசு இரண்டு நாளும் டிரைவர் சீட்டை விட்டு இறங்கவில்லை. கல் போதாதென்று கல்லின் மேல் தன் காலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இரண்டாம் நாள் மதியம் ஒச்சுக்காளை பதினெட்டு வளைவையும் நடந்தே இறங்கி என் பட்டறைக்கு வந்தார். திருவிழா வேலையாக எல்லையைத் தாண்டினால் குற்றமில்லையாம். பெடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குகிறது, பெரியவரின் நெஞ்சு ஒரு நெல்லளவு அசைந்துவிட்டது, என்ன வைத்தியம் என்று கேட்டார். நான் ரப்பர் கிட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அவரை மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். வழியில் ஒவ்வொரு வளைவிலும் பின்னாலிருந்து தகரமே இல்லாத வெளியில் காலை மிதித்துக்கொண்டே வந்தார்.

சாவடியில் நான் பவுனுத்தாயைப் பார்த்தேன். கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் பாதி வழியில் நின்றிருந்தது. குனிந்து பெடலைப் பார்த்தேன். விஷயம் சாதாரணம்தான்.

"மாஸ்டர் சிலிண்டர்ல ரப்பர் போயிருச்சு. விட்டு விட்டு மிதிச்சா வருஷக்கணக்கா ஒழைக்கும். ரெண்டு நாளு கல்ல வச்சு அமுக்குனா எந்த ரப்பர் தாங்கும்?"

"மாத்திவிடு மெக்கானிக்கு," என்றார் பிரசிடெண்டு.

"மாத்தணும்னா மிதிய விடணும் பிரசிடெண்டய்யா."

"விடாம மாத்து."

"பிள்ளய வெளிய விடாம பிரசவம் பாக்குறவங்க நீங்க. எனக்கு அந்த வித்த தெரியாது." அவர் முகம் சுண்டிப்போனது. நான் மொக்கராசு பக்கம் திரும்பினேன். "கல்ல எடுடா."

அவன் என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்துக்கொண்டே பேசினான். "நின்னா செத்துப்போகமாட்டால்லண்ணே. இப்ப அவளும் நல்லாத்தான் இருக்கா, பிள்ளயும் நல்லாத்தான் இருக்கு. எடுத்துட்டா அந்தப் பதினொண்ணாவது வளைவு வரும்ணே."

அந்த ஒரு நிமிடம் அவன்மேல் எனக்கு இரக்கம் வந்தது. அடுத்த நிமிடம் அவள் நீட்டிய கையைப் பார்த்தேன், இரக்கம் போய்விட்டது.

"அவ கையில என்ன இருக்கு பாத்தியா?"

பார்த்தான். இரண்டு நாளாக முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவன் அப்போதுதான் கையைப் பார்த்தான். ஊரும் அப்போதுதான் பார்த்தது.

"சாவி வீட்ல தொங்குதுன்னு நெனச்சேன்," என்றான்.

"அவ நிக்கிறதுக்கு வரல. போறதுக்கு வந்தா. இந்தப் பிரேக்க உனக்கு எதுக்குடா போட்டுக் குடுத்தேன்? நிக்கிறதுக்கா? பயப்படாமப் போறதுக்கு." பெடலைக் காட்டினேன். "இன்னும் கால் மணி நேரத்துல பெடல் தானா அடி வரைக்கும் எறங்கி, பிரேக்கு விட்டுரும். அதுக்குள்ள நீ எடுத்தா நீ எடுத்ததா இருக்கும். இல்லைன்னா ரப்பர் எடுத்ததா இருக்கும்."

அவன் கை கல்லருகே போனது. சந்தனத்தைத் தொட்டது. ஊர் மொத்தமும் அவன் கையைப் பார்த்தது, அவன் ஊர் மொத்தத்தையும் பார்த்தான், கை திரும்பி வந்து தொடையில் படுத்துக்கொண்டது. மறுபடி போனது, மறுபடி வந்தது. இப்படிக் கால் மணி நேரம் போனது. பிறகு பெடல் சத்தமில்லாமல் தரையைத் தொட்டது.

பெரியவர் நிம்மதியாக மூச்சை விட்டார், அதோடு போய்விட்டார். பவுனுத்தாயின் கண்ணீர் மீதிக் கன்னத்தை முடித்து இறங்கியது. இரண்டு நாள் வாயிலேயே நின்றிருந்த அலறல் வெளியே வந்தபோது சாவடிக் கூரையிலிருந்து ஓடு இரண்டு விழுந்தது. அலறி முடித்ததும் அவள் டிரைவர் பக்கம் வந்து, கதவைத் திறந்து, கல்லை எட்டி வெளியே தள்ளிவிட்டு, சாவியை என்னிடம் நீட்டினாள்.

"நீங்க எடுங்கண்ணே." புருஷன் பக்கம் திரும்பி, "நீ பின்னால ஏறு," என்றாள்.

நான்தான் ஓட்டினேன். எல்லையில் பூசாரி குறுக்கே கை நீட்டினார், பிரேக்கைத் தொட்டேன், அவர் நீட்டிய கையோடு நின்றார், ஒடித்து, காலை எடுத்துச் சுற்றிப் போனேன். விட்டு விட்டு மிதித்ததில் ரப்பர் ஒழுங்காகப் பிடித்தது. இரண்டாவது கியர் போட்ட இடத்தில் இருந்தது, யாருடைய தொடையும் தேவைப்படவில்லை. பதினோராவது வளைவில் மேலேயிருந்து உருண்டு வந்த பாறை ஒன்று மிதித்ததும் அந்தரத்தில் நின்றது, நானும் நின்றேன், இடப்பக்கம் பார்த்து ஒடித்து, காலை எடுத்துக் கடந்தேன், பாறை எங்களுக்குப் பின்னால் விழுந்தது. பவுனுத்தாய் அந்த இடத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள். அடிவாரத்தில் சமதளம் வந்ததும், பல்லைக் கடித்துக்கொண்டு, "அஞ்சாவதப் போடுங்கண்ணே" என்றாள். போட்டேன். துருவெல்லாம் உதிர்ந்து கியர் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி விழுந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா, வலி எப்போது வந்தது என்று கேட்டார்.

"புதன்கெழம விடியக்காலம்."

"இன்னைக்கு வியாழக்கெழமம்மா. நடுவுல என்ன பண்ணுன?"

"நின்னுக்கிட்டு இருந்தேன்."

பெண் குழந்தை. பிறந்த உடனே அழுதது, வராந்தாவில் நின்ற எனக்கே கேட்கும்படி அழுதது. நான் அன்றைக்கு அழுதேன் என்று என் பட்டறைப் பையன்களிடம் யாராவது சொன்னால் அது பொய் இல்லை.

மறுநாள் மொக்கராசு தலையைக் குனிந்துகொண்டு கட்டில் பக்கம் போனான். அவள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே பேசினாள்.

"ரெண்டு நாளும் எனக்குக் கண்ணு நிக்கலய்யா. உன் மூஞ்சிய மட்டும் பாத்துக்கிட்டே இருந்தேன். கால மட்டும் என்னால பாக்க முடியல. ரெண்டு நாளும் உன் கால எங்க வச்சிருந்த?"

அவன் என்னைப் பார்த்தான். நான் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தேன்.

சிறுமுடியில் திருவிழா நடந்தது. பெரியவர் போனதால் பிரசிடெண்டுக்குத் தீட்டு, பங்காளிகளுக்கெல்லாம் தீட்டு, ஒச்சுக்காளையும் பங்காளிதான், தீட்டுப்படாத ஒன்றே ஒன்று அந்த ஊரில் கல்தான் என்று கூடிப் பேசி, பரிவட்டத்தைக் கல்லுக்கே கட்டி ஊர்வலம் விட்டார்கள். பொருத்தமான தலைக்குத்தான் கட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் சொன்னேன்.

இப்போது பவுனுத்தாய்தான் வண்டி ஓட்டுகிறாள். வழியில் வருவதை நிறுத்துகிறாள், கடந்ததும் விடுகிறாள், ஊரார் துரட்டியோடு வந்து நின்றால் ஆரன் அடிக்கிறாள். மொக்கராசு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இடது சீட்டில் வருகிறான். போன மாதம் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தாள். பிரேக் பேடு தேய்ந்திருக்கும் என்று கழற்றிப் பார்த்தேன், தேயவில்லை, கியர் பெட்டியிலும் ஒரு குறையும் இல்லை. இடது சீட்டுக்கு முன்னால் தகரம் மட்டும் ஒரு கால் அளவுக்குத் தேய்ந்து ஓட்டையாகி, கீழே தரை தெரிந்தது.

"ஒட்டுப் போட்டுரட்டுமா தாயி?" என்று கேட்டேன்.

மொக்கராசு காலை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"வேண்டாம்ணே," என்றாள். "ரோடு போறத அவரு பாத்துக்கிட்டு வரட்டும்."